பொது ஓய்வுநேரச் சேவைகளின் வாழ்க்கைச் சுழற்சிப் பகுப்பாய்வு

பொது ஓய்வுநேரச் சேவைகளின் வாழ்க்கைச் சுழற்சிப் பகுப்பாய்வு என்பது, சந்தைப்படுத்தல் துறையில் உருவான உற்பத்திப்பொருள் வாழ்க்கைச் சுழற்சி என்னும் கருத்துருவை, அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் ஓய்வுநேரச் சேவைகளுக்குப் பொருத்திப் பார்க்கும் முறையாகும். பூங்கா, நூலகம், விளையாட்டுத் திடல், உயிரியல் பூங்கா, படகுத் துறை, பொது வானொலி, பொதுத் தொலைக்காட்சி அறை ஆகியன இத்தகைய சேவைகளுக்கு எடுத்துக்காட்டுகளாகும். ஒரு சேவை அறிமுகமாகி, வளர்ந்து, முதிர்ந்து, சரிவடையும் போக்கைப் பயன்பாட்டுத் தரவுகளின் துணையுடன் அறிந்து, அதனை விரிவாக்குவதா, மாற்றியமைப்பதா, நிறுத்துவதா என முடிவெடுக்க இம்முறை உதவுகிறது.

வணிகப் பொருளுக்கும் பொதுச் சேவைக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. விற்பனை குறைந்த பொருளை நிறுவனம் கைவிட்டால் வாங்குபவர் வேறொரு நிறுவனத்தின் பொருளை நாடலாம். ஊரில் உள்ள ஒரே நூலகம் மூடப்பட்டால் அதன் வாசகருக்கு மாற்று இல்லாமல் போகலாம். எனவே சரிவு என்று ஒரு சேவையை வகைப்படுத்துவதற்கு முன் அச்சரிவின் காரணத்தை ஆராய்வது இம்முறையின் மிக முக்கியமான பகுதியாகக் கருதப்படுகிறது.

ஒரு பொருளின் உற்பத்தி முதல் கழிவு வரை ஏற்படும் சுற்றுச்சூழல் விளைவுகளை அளவிடும் 'வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு' என்பது வேறொரு துறையாகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

கருத்துருவின் தோற்றம்

பொருள்களுக்கும் உயிரிகளைப் போல் பிறப்பும் வளர்ச்சியும் முதுமையும் உண்டு என்னும் எண்ணம் 1950களில் மேலாண்மை எழுத்துக்களில் இடம்பெறத் தொடங்கியது. ஜோயல் டீன் 1950 இல் புதிய பொருள்களின் விலை நிர்ணயம் குறித்து எழுதியபோது, ஒரு பொருளின் சந்தை முதிர முதிர அதற்குரிய விலைக் கொள்கையும் மாற வேண்டும் என்று வாதிட்டார். எவரெட் ரோஜர்சு 1962 இல் வெளியிட்ட நூல், புதுமைகள் சமூகத்தில் பரவும் விதத்தை விளக்கியது. முதலில் சிலரும், பின்னர் பெரும்பான்மையினரும், இறுதியில் தயங்கி நின்றவர்களும் ஒரு புதுமையை ஏற்கின்றனர். ஏற்றவர்களின் மொத்த எண்ணிக்கையைக் காலத்துக்கு எதிராக வரைந்தால் எஸ் வடிவ வளைகோடு கிடைக்கும்.

தியோடர் லெவிட் 1965 இல் எழுதிய கட்டுரை இக்கருத்துருவைப் பரவலாக்கியது. முதிர்ச்சியடைந்த பொருளுக்குப் புதிய பயன்களையும் புதிய பயனர்களையும் கண்டறிவதன் மூலம் அதன் வாழ்நாளை நீட்டிக்கலாம் என்று அவர் நைலான் இழையை எடுத்துக்காட்டி விளக்கினார். வான்குடை போன்ற படைத்துறைத் தேவைகள், காலுறை, தரைவிரிப்பு எனப் பல துறைகளுக்கு நைலான் பரவியது.

1970களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் ஜான் கிராம்ப்டன் முதலிய ஆய்வாளர்கள் பொதுப் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறைகளின் மேலாண்மைக்கு இக்கருத்துருவைப் பயன்படுத்தினர். சுற்றுலா இடங்களுக்குரிய இணையான மாதிரியை ரிச்சர்ட் பட்லர் 1980 இல் முன்வைத்தார். கண்டறிதல், உள்ளூரார் ஈடுபாடு, வளர்ச்சி, நிலைபெறுதல், தேக்கம் ஆகிய கட்டங்களுக்குப் பின் ஓர் இடம் சரியலாம் அல்லது புத்துயிர் பெறலாம் என்பது பட்லரின் கூற்றாகும்.

நூலகவியலில் இதனுடன் ஒப்பிடத்தக்க கருத்து முன்னரே தமிழ்நாட்டில் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஐந்தாவது, நூலகத்தை வளரும் உயிரியாகக் கொள்கிறது. எனினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ரங்கநாதன் வளர்ச்சியையும் இடையறாத தகவமைப்பையும் பேசினார். வாழ்க்கைச் சுழற்சி மாதிரி முடிவையும் சேர்த்துப் பேசுகிறது.

கட்டங்கள்

பொதுவாக நான்கு கட்டங்கள் குறிப்பிடப்படுகின்றன. முதிர்ச்சிக்கும் சரிவுக்கும் இடையே செறிவு நிலை என ஐந்தாவது ஒன்றைச் சேர்ப்பவர்களும் உளர்.

* அறிமுகக் கட்டம்: சேவை புதியது. பயனர் குறைவு. கட்டடம், கருவி, பயிற்சி ஆகியவற்றால் ஒரு வருகைக்கான செலவு மிகுதி. சேவை இருப்பதை மக்களுக்குத் தெரிவிப்பதே முதன்மைப் பணி.
* வளர்ச்சிக் கட்டம்: பயனர் எண்ணிக்கை விரைவாகக் கூடுகிறது. ஒரு வருகைக்கான செலவு குறைகிறது. இட நெருக்கடி, வரிசை, கருவிப் பற்றாக்குறை ஆகியன தோன்றுகின்றன.
* முதிர்ச்சிக் கட்டம்: வருகை ஏறக்குறைய நிலையாக உள்ளது. வருவோரில் பெரும்பாலோர் பழைய பயனர்கள். பராமரிப்புச் செலவு கூடத் தொடங்குகிறது.
* சரிவுக் கட்டம்: வருகை தொடர்ந்து குறைகிறது. நிலையான செலவுகள் குறையாததால் ஒரு வருகைக்கான செலவு மீண்டும் ஏறுகிறது.

வணிகத்தில் இக்கட்டங்கள் விற்பனையாலும் இலாபத்தாலும் அறியப்படுகின்றன. பெரும்பாலான பொது ஓய்வுநேரச் சேவைகளுக்குக் கட்டணம் இல்லை, அல்லது செலவைவிட மிகக் குறைந்த கட்டணமே உண்டு. எனவே வருகை எண்ணிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை, இரவல் கொடுத்த நூல்கள், வருகைக்கான செலவு, சேவையை நாடும் மக்கள் பிரிவு ஆகியன அளவீடுகளாகக் கொள்ளப்படுகின்றன.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள்

பொது வானொலியும் பொதுத் தொலைக்காட்சியும்

ஒரு பொது ஓய்வுநேரச் சேவையின் முழுச் சுழற்சியையும் காண்பதற்குத் தமிழ்நாட்டின் பொது ஒலிபரப்பு வரலாறு பொருத்தமானது. 1924 இல் சென்னையில் தொடங்கப்பட்ட சென்னை மாகாண வானொலிக் கழகம் என்னும் தன்னார்வ அமைப்பு, நிதி நெருக்கடியால் 1927 இல் ஒலிபரப்பை நிறுத்தியது. சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் ஒலிபரப்பைத் தன் பொறுப்பில் மீண்டும் தொடங்கியது. வானொலிப் பெட்டி பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்ததால், மெரீனா கடற்கரை, பூங்காக்கள் முதலிய பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. மாலையில் பூங்காவுக்கு வந்தவர்கள் கட்டணமின்றி இசை கேட்டனர். 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது.

ஒலிபரப்பு நிலையம் கைமாறினாலும் பொதுவாகக் கூடிக் கேட்கும் வழக்கம் மறையவில்லை. விடுதலைக்குப் பின்னர் ஊராட்சிகளும் நகராட்சிகளும் பூங்காக்களிலும் ஊர்ப் பொதுவிடங்களிலும் வானொலி அமைத்தன. மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலி மலிவாகக் கிடைத்தபோது இச்சேவை சரிந்தது. 1975 ஆகத்து 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பின்னர் ஊராட்சிகளில் பொதுத் தொலைக்காட்சி அறைகள் கட்டப்பட்டு, வானொலி வகித்த இடத்தைத் தொலைக்காட்சி பெற்றது. 1990களில் கம்பிவடத் தொலைக்காட்சி பரவியதும், 2006 முதல் 2011 வரை தமிழ்நாடு அரசு வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியதும் பொதுத் தொலைக்காட்சி அறையின் தேவையைப் பெரிதும் நீக்கின.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவதாக, சரிந்தது சேவையின் வடிவமே. இசை, செய்தி, திரைப்படம் ஆகியவற்றுக்கான தேவை குறையவில்லை. அது பொதுவிடத்திலிருந்து வீட்டுக்குள் இடம் மாறியது. இரண்டாவதாக, பொதுத் தொலைக்காட்சி அறையின் சரிவுக்கு அரசின் மற்றொரு திட்டமும் ஒரு காரணமாகும். பொதுச் சேவையின் போட்டியாளர் தனியாராக மட்டுமே இருக்க வேண்டியதில்லை என்பதை இது காட்டுகிறது. ஓய்வுநேரச் சேவை ஒன்று அதன் நோக்கம் நிறைவேறியதால் முடிவடைந்தது என்று சொல்லத்தக்க நேர்வும் இதுவேயாகும்.

மக்கள் பூங்காவும் உயிரியல் பூங்காவும்

சென்னையின் மக்கள் பூங்கா, 1859-60 இல் ஆளுநராக இருந்த சார்லசு திரெவெலியன் காலத்தில் 116 ஏக்கர் பரப்பில் திட்டமிடப்பட்டது. குளங்கள், நடைபாதைகள், இசை மேடை, விலங்குக் காட்சியகம் ஆகியவற்றுடன் நகரின் முதன்மையான பொழுதுபோக்கு இடமாக அது விளங்கியது. பின்னர் அதன் நிலத்தில் விக்டோரியா பொது மண்டபம், 1900 இல் மூர் மார்க்கெட், 1913 இல் ரிப்பன் கட்டடம், பிற்காலத்தில் விளையாட்டரங்கம் எனப் பல அமைப்புகள் எழுந்தன. மை லேடிஸ் பூங்கா என்னும் சிறு பகுதியே பூங்காவாக எஞ்சியது.

இது பயனர்கள் ஆர்வம் இழந்ததால் நேர்ந்த சரிவன்று. நகரின் நடுவில் இருந்த நிலத்துக்கு வேறு பயன்கள் கோரப்பட்டதால் நேர்ந்த சுருக்கமாகும். வருகை எண்ணிக்கையை மட்டும் கொண்டு வரையப்படும் வளைகோட்டில் இக்காரணம் புலப்படாது.

அதே பூங்காவில் இருந்த விலங்குக் காட்சியகத்தின் வரலாறு வேறுபட்டது. எட்வர்ட் பால்ஃபர் 1855 இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சியகம் பின்னர் மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. நகரத்தின் நெருக்கடிக்கு நடுவே விரிவாக்கத்துக்கு இடமின்றிப் போனதால், வண்டலூரில் 510 எக்டேர் காப்புக்காட்டு நிலம் ஒதுக்கப்பட்டு, 1985 இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. குறுகிய கூண்டுகளுக்கு மாறாகத் திறந்த அடைப்பிடங்கள் அமைக்கப்பட்டன. காட்சிப்படுத்துதல் என்ற நோக்கத்துடன் இனப்பெருக்கம், பாதுகாப்பு, கல்வி ஆகியனவும் சேர்ந்தன. பட்லர் குறிப்பிட்ட புத்துயிர்ப்புக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

நூலகங்கள்

1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டமாகும். அப்போது கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரும் ரங்கநாதனும் இதற்கு முதன்மைக் காரணமானவர்கள். சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரி வசூலிக்கப்பட்டு, நூலக ஆணைக்குழுக்களுக்கு வழங்கப்படுவது இச்சட்டத்தின் சிறப்பியல்பாகும். 1896 இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் 1950 இல் மாநில மைய நூலகமானது. வரியால் கிடைத்த நிலையான நிதியே நூலகச் சேவையின் நெடிய வளர்ச்சிக் கட்டத்துக்கு அடித்தளமாயிற்று.

இச்சட்டத்துக்கு முன்பே, 1931 இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. வாசகர் நூலகத்தைத் தேடி வரும் நிலையை மாற்றி, நூலகம் வாசகரைத் தேடிச் சென்றது. அறிமுகக் கட்டத்தில் பயனர் குறைவாக இருப்பது தேவையின்மையாலா, தொலைவாலா என்ற கேள்விக்கு இத்தகைய முயற்சியே விடையளிக்க வல்லது.

2006 முதல் செயல்படுத்தப்பட்ட அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஆண்டுதோறும் ஒரு பகுதி வீதம் நூலகங்களும் விளையாட்டுத் திடல்களும் அமைக்கப்பட்டன. ஒரே திட்டத்தில் இவ்வளவு அறிமுகங்கள் நிகழ்வது வணிகத்திலும் அரிது. ஆனால் கட்டடத்துக்கும் தொடக்க நூல்களுக்கும் ஒதுக்கப்பட்ட நிதியைப் போல, நூலகப் பொறுப்பாளர், புதிய நூல்கள், நாளிதழ்கள் ஆகியவற்றுக்கான தொடர் நிதி உறுதியாக இருக்கவில்லை. பல ஊர்களில் இந்நூலகங்கள் வளர்ச்சிக் கட்டத்தை எட்டாமலேயே பூட்டப்பட்டன. இத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021-22 இல் தொடங்கப்பட்டது.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் மற்றொரு வகை நேர்வாகும். திறந்து ஓராண்டுக்குச் சற்றுப் பின்னர், 2011 நவம்பரில், அதனை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்குவதாக அரசு அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நூலகம் அதே இடத்தில் தொடர்ந்து இயங்கி வருகிறது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்டது. பொதுச் சேவையின் முடிவு பயன்பாட்டு வளைகோட்டைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை என்பதும், அறிமுகக் கட்டத்திலேயே ஒரு சேவை முடிவை எதிர்நோக்க நேரலாம் என்பதும் இந்நேர்விலிருந்து தெளிவாகின்றன.

உதகை மலர்க் காட்சி

1848 இல் தொடங்கப்பட்ட உதகமண்டலம் தாவரவியல் பூங்கா, மிக நீண்ட முதிர்ச்சிக் கட்டத்துக்கு எடுத்துக்காட்டாகும். இங்கு ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் நடைபெறும் மலர்க் காட்சி 1896 இல் தொடங்கியது. பூங்கா மாறாதிருக்க, ஒவ்வோர் ஆண்டும் காட்சி மாறுகிறது. முன்னர் வந்தவரும் மீண்டும் வருவதற்கு இது காரணமாகிறது. நிலையான கட்டமைப்பின் மீது மாறும் நிகழ்ச்சிகளை அமைப்பது முதிர்ச்சியை நீட்டிக்கும் செலவு குறைந்த வழிகளுள் ஒன்றாகும்.

பருவமும் சரிவும்

பருவத்தால் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை வாழ்க்கைச் சுழற்சியின் கட்டமாகக் கொள்வது பகுப்பாய்வில் நேரும் பொதுவான பிழையாகும். தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஒகேனக்கல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். காவிரியில் நீர்வரத்து அளவோடு இருக்கும்போது இங்கு அருவிக் குளியலும் பரிசல் பயணமும் நடைபெறுகின்றன. கருநாடகத்தில் உள்ள கபினி, கிருட்டிணராச சாகர் அணைகளிலிருந்து மிகுதியான நீர் திறக்கப்படும்போது, பாதுகாப்புக் கருதி மாவட்ட நிருவாகம் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்த ஆண்டில் இத்தடை பல வாரங்கள் நீடிப்பதுண்டு. மழை பொய்த்த ஆண்டில் நீரின்மையால் வருகை குறைகிறது.

ஆக, வெள்ளம், வறட்சி ஆகிய இரண்டுமே வருகையைக் குறைக்கின்றன. இக்குறைவு ஒகேனக்கல் மீதான ஆர்வம் தணிந்ததைக் காட்டாது. இத்தகைய இடங்களுக்கு ஓர் ஆண்டின் மொத்த வருகையை முந்தைய ஆண்டுடன் ஒப்பிடுவதைவிட, தடையின்றித் திறந்திருந்த நாள்களின் சராசரி வருகையை ஒப்பிடுவதே பொருத்தமானது. கோவிட்-19 பெருந்தொற்றால் பொதுவிடங்கள் மூடப்பட்ட 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் தரவுகளுக்கும் இது பொருந்தும்.

பகுப்பாய்வு முறை

பகுப்பாய்வு பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. சேவையை வரையறுத்தல். 'நூலகம்' என்பது ஒரே சேவையன்று. நாளிதழ் வாசிப்பு, நூல் இரவல், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இடம், சிறுவர் பகுதி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வளைகோட்டைக் கொண்டிருக்கும்.
2. குறைந்தது ஐந்து ஆண்டுகளின் பயன்பாட்டுத் தரவுகளைத் தொகுத்தல்.
3. மக்கள்தொகை, திறந்திருந்த நாள்கள், திறந்திருந்த நேரம் ஆகியவற்றுக்கு ஏற்பத் தரவுகளைச் சீர்செய்தல்.
4. ஆண்டு வளர்ச்சி வீதத்தைக் கணித்து, தற்போதைய கட்டத்தை மதிப்பிடல்.
5. மாற்றத்தின் காரணத்தை ஆராய்தல். பயனரின் தேவை மாறியதா, சேவையின் தரம் குறைந்ததா, மாற்றுச் சேவை வந்ததா, எட்டுவது கடினமானதா என்பன வினாக்கள்.
6. சேவையைக் கைவிட்டால் பாதிக்கப்படுவோர் யார், அவர்களுக்குள்ள மாற்று என்ன என்பதை அறிதல்.
7. முடிவெடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மீண்டும் அளத்தல்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

மூன்றாம் படியின் இன்றியமையாமையை விளக்க ஒரு கற்பனையான வாசக சாலையைக் கொள்வோம். அது ஆண்டுக்கு 300 நாள்கள் திறந்திருக்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் நாளொன்றுக்கு 8 மணிநேரம் இயங்கியது. ஆறாம் ஆண்டில் ஊழியர் பற்றாக்குறையால் நேரம் 6 மணியாகக் குறைக்கப்பட்டது.

* ஆண்டு 1: 4,000 வருகைகள்
* ஆண்டு 2: 7,000 வருகைகள் (75 விழுக்காடு உயர்வு)
* ஆண்டு 3: 9,800 வருகைகள் (40 விழுக்காடு உயர்வு)
* ஆண்டு 4: 10,300 வருகைகள் (5.1 விழுக்காடு உயர்வு)
* ஆண்டு 5: 10,100 வருகைகள் (1.9 விழுக்காடு குறைவு)
* ஆண்டு 6: 8,600 வருகைகள் (14.9 விழுக்காடு குறைவு)

இவ்வெண்களை மட்டும் நோக்கினால் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் வளர்ச்சி, நான்காம், ஐந்தாம் ஆண்டுகள் முதிர்ச்சி, ஆறாம் ஆண்டு சரிவு எனத் தோன்றும். ஆனால் ஐந்தாம் ஆண்டில் வாசக சாலை 2,400 மணிநேரம் திறந்திருந்தது. மணிக்கு 4.2 வருகைகள் நிகழ்ந்தன. ஆறாம் ஆண்டில் 1,800 மணிநேரமே திறந்திருந்தது. மணிக்கு 4.8 வருகைகள் நிகழ்ந்தன. அதாவது, திறந்திருந்த நேரத்தில் அதன் பயன்பாடு உயர்ந்துள்ளது. மொத்த வருகை குறைந்ததற்குக் காரணம் வழங்கல் குறைந்ததே ஆகும். இங்கு வருகைக் குறைவைக் காட்டி ஏழாம் ஆண்டில் நேரத்தை மேலும் குறைத்தால் வருகை மேலும் குறையும். இறுதியில் 'யாரும் வருவதில்லை' என்னும் கூற்று உண்மையாகிவிடும்.

கட்டத்துக்கேற்ற நடவடிக்கைகள்

அறிமுகக் கட்டத்தில் சேவையை அறிவித்தலும் பயனரின் கருத்தைக் கேட்டறிதலும் முதன்மையானவை. வளர்ச்சிக் கட்டத்தில் நேரத்தையும் இடத்தையும் விரிவாக்க வேண்டும். முதிர்ச்சிக் கட்டத்தில் புதிய பயனர் பிரிவுகளையும் புதிய பயன்களையும் நாட வேண்டும். நாளிதழ் வாசிப்போர் குறைந்த நூலகத்தில் போட்டித் தேர்வு எழுதுவோருக்கான பகுதி அமைப்பதும், முதியோர் மட்டும் வரும் பூங்காவில் நடைப்பயிற்சிப் பாதையும் சிறுவர் விளையாட்டுக் கருவிகளும் சேர்ப்பதும் இத்தகையன.

சரிவுக் கட்டத்தில் நான்கு வழிகள் உண்டு. அவை, புத்துயிரூட்டல், அளவைக் குறைத்து நடத்துதல், வேறு அமைப்பிடம் ஒப்படைத்தல், நிறுத்துதல் என்பனவாகும். நிறுத்தும்போது அதே பயனருக்கு மாற்றுச் சேவை கிடைப்பதை முன்னரே உறுதிசெய்தல் பொதுத் துறைக்குரிய கூடுதல் கடமையாகும்.

சிறு நகரங்களில் பயன்பாடு: மாரண்டஹள்ளி

இம்முறை பெரும்பாலும் பல பூங்காக்களையும் பல நூலகங்களையும் நடத்தும் மாநகராட்சிகளை மனத்தில் கொண்டு விளக்கப்படுகிறது. சிறு நகரங்களின் நிலை வேறுபட்டது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், சேலம்-பெங்களூரு தொடருந்துப் பாதையில் அமைந்துள்ள மாரண்டஹள்ளி பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வேறுபாடுகளை விளக்கலாம்.

* பயனர் எல்லை: மாரண்டஹள்ளி சுற்றியுள்ள வேளாண் சிற்றூர்களின் மக்கள் வந்துசெல்லும் ஊராகும். பேரூராட்சியின் மக்கள்தொகையை மட்டும் கொண்டு ஒரு நபருக்கான பயன்பாட்டைக் கணித்தால், வெளியூரிலிருந்து வரும் மாணவரும் சந்தைக்கு வருவோரும் விடுபடுவர், அல்லது வருகை வீதம் மிகையாகத் தோன்றும்.
* பொறுப்புகள் பிரிந்திருத்தல்: பூங்காவும் விளையாட்டுத் திடலும் பேரூராட்சியின் பொறுப்பில் அமைவன. பொது நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வருகிறது. அதற்கான நூலக வரியை வசூலிப்பது பேரூராட்சி. அருகிலுள்ள பஞ்சப்பள்ளி சின்னாறு அணை நீர்வளத் துறையைச் சார்ந்தது. ஓர் ஊராரின் ஓய்வுநேரத்துக்குரிய இவ்விடங்கள் அனைத்தையும் ஒருசேர நோக்கும் அலுவலகம் ஒன்று இல்லை. ஒரு துறை தன் சேவையைக் குறைக்கும்போது மற்றொன்றின் மீது விழும் சுமை எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது.
* எண்ணிக்கை சிறிது: நாளொன்றுக்கு முப்பது பேர் வரும் இடத்தில் பத்து மாணவர் தேர்வு முடிந்து வருவதை நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கு குறைவு பதிவாகும். இது சரிவன்று. சிறு எண்களுக்கு ஆண்டு வீதத்தைவிட மூன்றாண்டுச் சராசரி பொருத்தமானது.
* மாற்றின் தொலைவு: மாநகரில் ஒரு கிளை மூடப்பட்டால் அடுத்த கிளை நடந்துசெல்லும் தொலைவில் இருக்கலாம். சிறு நகரில் அடுத்த வாய்ப்பு அடுத்த ஊரில் உள்ளது. மாரண்டஹள்ளியைப் பொறுத்தவரை அது பாலக்கோடாகவோ தருமபுரியாகவோ அமையும். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இதனால் பயணச் செலவு சிலருக்குக் குறைந்திருப்பினும், பயண நேரமும் மாலையில் திரும்பும் வசதியும் தடைகளாகவே தொடரலாம்.

இக்காரணங்களால், சிறு நகரில் சரிவு நிலையிலுள்ள சேவையை நிறுத்துவதைவிட, ஒரே கட்டடத்தில் பல சேவைகளை இணைத்தல், பள்ளி நேரத்துக்கு ஏற்பத் திறக்கும் நேரத்தை மாற்றுதல், மேலவாசல் முயற்சியைப் போன்று சேவையைச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லுதல் ஆகிய வழிகளை முதலில் சோதிப்பது பொருத்தமானது.

விமரிசனங்கள்

வாழ்க்கைச் சுழற்சிக் கருத்துரு பல விமரிசனங்களுக்கு உள்ளாகியுள்ளது. நரிமன் தல்லா, சோனியா யுஸ்பே ஆகியோர் 1976 இல் எழுதிய கட்டுரையில், பொருள்களின் விற்பனை முன்கூட்டியே வரையறுத்த கட்டங்களின்படி அமைவதில்லை என்றும், சரிவு என்று நம்பி விளம்பரத்தைக் குறைத்த நிறுவனங்கள் நல்ல பொருள்களைத் தாமே அழித்துக்கொண்டன என்றும் வாதிட்டனர். உயிரிக்கு முதுமை உறுதி. சேவைக்கு அத்தகைய விதி இல்லை என்பது இவ்விமரிசனத்தின் சாரமாகும்.

பொதுச் சேவைகளைப் பொறுத்தவரை மேலும் சில விமரிசனங்கள் உண்டு.

* தன்னை மெய்ப்பிக்கும் கணிப்பு: சரிவு எனப் பெயரிடப்பட்ட சேவைக்கு நிதி குறைகிறது. நிதி குறைவதால் தரம் குறைகிறது. தரம் குறைவதால் வருகை குறைகிறது. இறுதியில் கணிப்பு சரியென்று தோன்றுகிறது.
* எண்ணிக்கையும் தேவையும்: குறைந்த எண்ணிக்கையினரே பயன்படுத்தினும் அவர்களுக்கு அச்சேவை இன்றியமையாததாக இருக்கலாம். படிப்பதற்கு வீட்டில் இடமில்லாத மாணவருக்கு நூலகத்தின் மேசை அத்தகையது.
* வராதவர்கள்: வருகைப் பதிவேடு வந்தவர்களை மட்டுமே காட்டுகிறது. விளக்கின்மையாலோ கழிப்பறை இன்மையாலோ பூங்காவுக்கு வராத பெண்களின் தேவை எந்த வளைகோட்டிலும் இடம்பெறாது.
* அளக்கவியலாப் பயன்கள்: பூங்காவின் நிழலும் காற்றும் அதற்குள் நுழையாதவருக்கும் பயன் தருகின்றன.

இவ்விமரிசனங்களை ஏற்கும் ஆய்வாளர்கள், வாழ்க்கைச் சுழற்சியை வருவதுரைக்கும் கருவியாகக் கொள்ளாமல், வினா எழுப்பும் கருவியாகக் கொள்ள வேண்டும் என்கின்றனர். வளைகோடு கீழிறங்குவது ஆராயத் தொடங்குவதற்கான அறிகுறியாகும், மூடுவதற்கான ஆணையாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* சந்தைப்படுத்தல்
* புதுமைப் பரவல்
* நூலக அறிவியலின் ஐந்து விதிகள்
* கன்னிமாரா பொது நூலகம்
* அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா
* ஒகேனக்கல்
* மாரண்டஹள்ளி